சுருள் கைகள் படத்தில் ஏன் விழவில்லை?

கேள்வி: 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி (குவியத்தூரம் 1000 மி.மீ.), ஈக்வடோரியல் மவுண்ட் (வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கி), டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருக்கிறேன். எம்51 என்ற சுருள் கேலக்ஸியைப் படமெடுத்தால் இரண்டு மங்கலான பொட்டுகள்தான் தெரிகின்றன. 5 நிமிட எக்ஸ்போஷர் கொடுத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன. பெரிய தொலைநோக்கி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த இரண்டு பொட்டுகள் எம்51-இன் மையமும், அதன் துணைக் கேலக்ஸியான என்ஜிசி 5195-உம். சுருள் கைகளும் உங்கள் படத்தில் இருக்கின்றன; வான வெளிச்சத்திலும் இரைச்சலிலும் மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றை மேலே கொண்டுவருவது ஒரே நீண்ட எக்ஸ்போஷர் அல்ல, மொத்த நேரம். 100 படங்களை ஒன்றாக அடுக்கினால் கேலக்ஸியின் ஒளி 100 மடங்கு சேரும், இரைச்சலோ 10 மடங்குதான் கூடும்.

ஐஎஸ்ஓ 800, ரா வடிவம் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), 2 நிமிடம் வீதம் 100 படங்கள் என்று தொடங்குங்கள். நிலவில்லாத இரவில், கேலக்ஸி 40 டிகிரிக்கு மேல் ஏறியபின் எடுங்கள். ஒரே இரவில் முடியாவிட்டால் மறுநாள் தொடரலாம்.

நட்சத்திரம் இழுபடுவதற்குத் துருவச் சீரமைப்பு (மவுண்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக வைப்பது) மட்டும் காரணமில்லை. மவுண்டைச் சுழற்றும் புழுப்பல்சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் சற்று முன்னும் பின்னும் தடுமாறும். 1000 மி.மீ. குவியத்தூரத்தில், 3.9 மைக்ரான் பிக்சல் வானத்தில் சுமார் 0.8 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600 வில்விநாடி), தடுமாற்றம் 20 வில்விநாடி என்றால் நட்சத்திரம் 25 பிக்சல் நகர்ந்துவிடும். காசு செலவழிப்பதானால் ஆட்டோகைடருக்குச் செலவழியுங்கள்; ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டின் தடுமாற்றத்தை உடனுக்குடன் திருத்தும் சிறு கேமரா அது. மூன்று நான்கு படங்களுக்கு ஒருமுறை சட்டகத்தை அதன் மென்பொருளிடம் பத்துப் பதினைந்து பிக்சல் வேண்டுமென்றே நகர்த்தச் சொல்லுங்கள் (டிதரிங்). இல்லையென்றால் அடுக்கிய படத்தில் சாய்ந்த மழைக்கோடுகள் மாதிரி இரைச்சல் ஓடும்.

ஃபோகஸை பாஹ்டினோவ் மாஸ்க் (குழாயின் வாயில் மாட்டும், கோடு கோடாக வெட்டிய தகடு) போட்டுப் பாருங்கள். உங்கள் தொலைநோக்கியின் எஃப்/5-இல் (குவியத்தூரம் ஆடியின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு) பத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலே நட்சத்திரம் உப்பிவிடும். இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கும்; மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஓர நட்சத்திரங்களுக்கு வால் முளைத்தால் கோமா கரெக்டர் (அதைச் சரிசெய்யும் லென்ஸ்) தேவை.

பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுவது பிளாட் பிரேம், அதாவது தூசி நிழலையும் ஓரத்து இருட்டையும் கழிக்க, சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம். சென்சார் மேல் இருக்கும் தூசி நியூட்டோனியனில் நடுவில் ஓட்டையுள்ள வளையமாக விழும் (இரண்டாம் ஆடியின் நிழல் அது). கைகளுக்காகப் படத்தின் ஒளியைக் கூட்டும்போது இந்த வளையங்களும், ஓரத்து இருட்டும் சேர்ந்தே எழும்பி வரும். கேமராவைத் திருப்பாமல், ஃபோகஸைத் தொடாமல், வெள்ளைத் துணியைக் குழாயின் வாயில் இழுத்துக் கட்டி, விடியும் வானத்தை நோக்கி 30 படம் எடுங்கள். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமின் (ஒளி அளவு வரைபடம்) மேடு நடுவில் நிற்க வேண்டும். கூடவே மூடி போட்டு, அதே 2 நிமிடத்தில் 20 டார்க் பிரேம் (சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க எடுக்கும் இருட்டுப் படம்).

அடுக்க சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். அடுக்கியதும் படம் கன்னங்கரேலென்று வரும், பயப்பட வேண்டாம். முதலில் பின்னணியின் ஏற்றத்தாழ்வை நீக்கி, பிறகு சிறிது சிறிதாக ஒளியை ஏற்றுங்கள். பின்னணியை முழுக்கறுப்பாக்கினால் கைகளின் நுனி அறுந்துபோகும்.

நெபுலாவுக்கென்று விற்கும் குறுகிய அலைவரிசை ஃபில்டர் இங்கே உதவாது. கேலக்ஸியின் ஒளி பெரும்பாலும் நட்சத்திர ஒளி, எல்லா நிறத்திலும் பரவியிருப்பது. ஃபில்டர் அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அடுத்ததாக எம்101 என்ற சுருள் கேலக்ஸிக்குத் தாவிவிடாதீர்கள். பட்டியலில் அது 7.9 ஒளியளவு, எம்51-இன் 8.4-ஐவிடப் பிரகாசம் என்றிருக்கும் (எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்). ஆனால் அந்த ஒளி பல மடங்கு பெரிய பரப்பில் விரிந்து கிடக்கிறது. அதே கைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். எம்81 கேலக்ஸி சுலபம்.