மூவாயிரம் வெள்ளிக்குள் மகளுக்கு லேப்டாப், அம்மாவுக்கும் எனக்கும் கைப்பேசி: எது யாருக்குச் சரிப்படும்?

அண்ணே, நீங்கள் கேட்டது இது: கையில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. யு.யு.எம். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கப் போகும் மகளுக்கு ஒரு லேப்டாப், வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு ஒரு கைப்பேசி, பினாங்கில் கிராப் ஓட்டும் உங்களுக்கு ஒரு கைப்பேசி. புதிதாக வந்திருக்கும் மலிவு மாடல்களில் எது யாருக்குச் சரிப்படும்?

நான் பட்டர்வொர்த்தில் லேப்டாப், கைப்பேசி பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். புதுசு எதையும் விற்பதில்லை. மலிவு விலையில் வாங்கிய பொருள் ஒன்றிரண்டு வருடம் கழித்து எந்தக் கோலத்தில் வருகிறது என்று தினமும் பார்க்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

மலிவாக வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் விலையைக் குறைக்கக் கம்பெனிக்காரர்கள் எங்கேயாவது கை வைத்திருப்பார்கள். கை வைத்த இடத்தைப் பின்னால் நாமே சரிசெய்துகொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. பேட்டரி தேய்ந்தால் மாற்றலாம். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. சின்னதாக இருந்தால் பெரியது போடலாம். கீபோர்டைக்கூட மாற்றிவிடலாம். மதர்போர்டில் பற்றவைத்த ரேமையும் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்), சீக்கிரமே நின்றுபோகும் அப்டேட்டையும், உள்ளே வைக்காமலேயே விட்ட என்.எஃப்.சி.யையும் (அட்டையைத் தொட்டாலே தகவல் பரிமாறும் வசதி) யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கடையில் நிற்கும்போது மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள். கலர், எடை, கேமரா மெகாபிக்சல் எல்லாம் அப்புறம்.

மகளின் லேப்டாப்பிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் 3,000-ல் 1,700, 1,800 வெள்ளி இதற்கே போகட்டும். மூன்று நான்கு வருடம் பிள்ளையின் படிப்பு முழுக்க இதில்தான் ஓடப்போகிறது.

சில மாதங்களுக்கு முன் ஓர் அக்கா மகனின் லேப்டாப்பை எடுத்து வந்தார். வாங்கி ஒரு வருடம்தான். விண்டோஸ் அப்டேட் ஏறவே மாட்டேன் என்கிறது, வேர்டைத் திறந்தால் உறைந்துபோகிறது என்றார். பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு, மிச்ச இடமெல்லாம் பேட்டரி. 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. என்ற மெதுவான சேமிப்பு, இரண்டும் கறுப்புச் சில்லுகளாகப் போர்டிலேயே ஒட்டியிருக்கின்றன. ஸ்லாட் என்று ஒன்று கண்ணில் படவில்லை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம்தான். அந்த லேப்டாப் பெட்டியிலிருந்து வெளியே வந்த நாளிலேயே விளிம்பில் நின்றிருக்கிறது. வேண்டாத கோப்புகளை அழித்துக் கொடுத்தேன், அதற்குமேல் எதுவும் செய்ய வழியில்லை. அந்த அக்கா அதைத் தவணையில் வாங்கியிருந்தார். இந்த மாதிரிப் பொருளை "மாணவர்களுக்கு ஏற்றது" என்று எழுதி விற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அதனால் இதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்: ரேம் 16 ஜி.பி. இருக்க வேண்டும். இல்லை, 8 ஜி.பி.யும் காலியாக ஒரு ரேம் ஸ்லாட்டும் இருக்க வேண்டும். சேமிப்பு 512 ஜி.பி. என்.வி.எம்.இ. என்ற வேகமான ரக எஸ்.எஸ்.டி. இ.எம்.எம்.சி. என்று எழுதியிருந்தால் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள். நல்ல இ.எம்.எம்.சி.யே நொடிக்கு 300 மெகாபைட் அளவில்தான் படிக்கும். சாதாரண என்.வி.எம்.இ. அதைப்போலப் பல மடங்கு. ஸ்லாட் இருக்கிறதா என்று கடைக்காரர் மழுப்பினால் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் தளத்தில் பாருங்கள். ரேம் பகுதியில் "சோல்டர்டு" என்று மட்டும் போட்டிருந்தால் அது பற்றவைத்தது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறிக்கிடக்கிறது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. ஆகவே "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்ற திட்டத்தை நம்புவதைவிட, கட்டுப்படியானால் 16 ஜி.பி.யாகவே எடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது புராசசர். ஏமாற்றம் நிறைய நடப்பது இங்கேதான். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம். ஆனால் ஏ.எம்.டி.யின் அந்த 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் உள்ளே எந்தத் தலைமுறை வடிவமைப்பு என்று சொல்கிறது. 7520யு-வில் அது 2, அதாவது 2019-ல் வந்த ஸென் 2, நான்கு கோர் (கணக்குப் போடும் தனிப் பிரிவு). 7530யு-வில் அது 3, ஸென் 3, ஆறு கோர். அதோடு 7520யு வேலை செய்வது எல்.பி.டி.டி.ஆர்.5 ரேமோடு மட்டும். அது போர்டில் பற்றவைத்தே வரும். ஒரே "ரைசன் 5" ஸ்டிக்கர்தான், வாழ்நாள் வேறு.

இண்டெல் பக்கமும் இதே கதை. என்100, என்150 என்று வருபவற்றில் நான்கு சிறிய கோர்கள்தான். மின்சாரம் குறைவாக எடுக்கும், சூடாகாது. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடம் செய்ய, கூகுள் கிளாஸ்ரூம் திறக்க அது தாராளமாகப் போதும். அந்த வயதுப் பிள்ளைக்குக் குரோம்புக்கூட நல்ல யோசனைதான், 2021-லிருந்து வந்த குரோம்புக்குகளுக்குப் பத்து வருடம் அப்டேட் தருவதாகக் கூகுள் அறிவித்திருக்கிறது. ஆனால் உங்கள் மகளுக்கு என்100 பற்றாது. பெரிய எக்செல் கோப்பையும் ஆன்லைன் வகுப்பையும் ஒன்றாகத் திறந்தால் திணறும். ஐ3-1215யு, கோர் 5 120யு, ரைசன் 5 7530யு, இந்த மூன்றில் எது உங்கள் விலைக்குள் 16 ஜி.பி.யோடு கிடைக்கிறதோ அதை எடுங்கள். செலரான் என்4020 இன்னும் புதுப் பெட்டியில் விற்கிறார்கள். 2019-ல் வந்தது, இரண்டே கோர். அதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. இண்டெல் 1972-ல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்ததே நம் பினாங்கு பாயான் லெப்பாஸில்தான். நம் அக்காமார் எத்தனை பேர் அந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். சில்லு செய்கிற ஊர்க்காரர்கள் சில்லின் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

திரை முழு எச்.டி. ஐ.பி.எஸ். ஆக இருக்கட்டும். கடையில் மூடியைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் பாருங்கள், நிறம் வெளிறினால் வேண்டாம். கிராபிக்ஸ் கார்டுக்குக் கணக்கியலில் வேலையே இல்லை. ஆபீஸ் ஹோம் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். இங்கே விற்கும் மாடல்கள் பலவற்றில் சேர்த்தே தருகிறார்கள். வந்தால் முதல் நாளே மகளின் சொந்த மின்னஞ்சலில் பதிந்துவிடுங்கள், கடைக்காரர் மின்னஞ்சலில் விடாதீர்கள்.

பணம் இன்னும் குறைய வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலிட்புக் மாடல்கள் ஆயிரம் வெள்ளிக்குள் கிடைக்கின்றன. உடம்பு கெட்டி, கீபோர்டு அருமை, திறந்தால் பெரும்பாலானவற்றில் ரேம் ஸ்லாட் இருக்கும். இண்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோதான் வேண்டும். ஐ5-8250யு என்றால் ஐ5-க்குப் பின் வரும் முதல் எண் 8. அதற்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 14 அக்டோபர் 2025-ல் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறையை 500 வெள்ளிக்கு யாராவது நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். பழையதில் பேட்டரி மட்டும் சந்தேகம். அதை மாற்றிக்கொள்ளலாம்.

சரி, அம்மாவின் கைப்பேசி. வாட்ஸ்அப், வீடியோ கால், யூடியூப், வங்கிச் செயலி. இதற்கு வேகம் பெரிதில்லை, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும் என்பதுதான் பெரிது. பணம் அதற்குள் இருக்கிறதே! சாம்சங் 2024-ல் வெளியிட்ட கேலக்சி ஏ16-க்கே ஆறு வருடம் பாதுகாப்பு அப்டேட், ஆறு ஆண்ட்ராய்டு மேம்பாடு தருவதாகச் சொன்னது. அதற்குப் பின் வந்த ஏ17-க்கும் அப்படியே. இந்த விலையில் இரண்டு மூன்று வருடத்தோடு நிறுத்திக்கொள்ளும் மாடல்கள் நிறைய இருப்பதால், அம்மாவுக்கு நான் இந்த இரண்டின் 4ஜி ரகத்தையே பார்ப்பேன். 128 ஜி.பி. போதும். பெட்டியில் சார்ஜர் வராது, அதற்குத் தனியாகக் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

வாங்கிக் கொடுத்த அன்றே பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு வேலையும் செய்யுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், தமிழ்க் கீபோர்டு போடுங்கள், செட்டிங்கில் தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதி எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி வங்கிப் பணத்தை உருவுகிற கூட்டம் நம் நாட்டில் நிறைய. பெரியவர்கள் ஆசையாகத் திறந்துவிடுவார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் யார்தான் திறக்க மாட்டார்கள்?

உங்கள் கைப்பேசிக்கு வேறு கணக்கு. நாள் முழுக்க வரைபடம் ஓடும், சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், கண்ணாடி வழியாக வெயில் அடிக்கும். ஆகவே திரை வெளிச்சம் முக்கியம். மத்தியான வெயிலில் மங்கலாகத் தெரியும் திரையோடு ரெலாவ் பக்கம் சந்து தேடினால் கண் போய்விடும். கடை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் காட்டச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். பேட்டரி 5,000 எம்.ஏ.எச். இப்போது எல்லாவற்றிலும் உண்டு. 67 வாட் வேக சார்ஜுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், ஓடும் காரில் வேகமாக ஏற்றினால் சூடுதான் ஏறும், லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது சூடுதான். கைப்பேசித் தாங்கியை டேஷ்போர்டில் ஒட்டாமல் ஏர்கான் காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள். வீங்கிய பேட்டரியோடு என்னிடம் வருபவர்களில் ஓட்டுநர்கள்தான் அதிகம்.

என்.எஃப்.சி. இருக்க வேண்டும். 2022-லிருந்து வரும் புது டச் 'ன் கோ டோல் அட்டையில் கைப்பேசியைப் பின்புறம் ஒட்டிவைத்தே பணம் ஏற்றலாம். பாலத்து டோலுக்கு முன்னால் அட்டையில் பணம் இல்லாமல் தவிக்கும் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். மலிவு மாடல்களில் ஒரே பெயரில் என்.எஃப்.சி. உள்ளதும் இல்லாததும் இரண்டும் வருகின்றன, மலேசிய ரகத்தில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். 5ஜி இருந்தால் நல்லது, ஆனால் அதற்காக மோசமான திரையை ஏற்க வேண்டாம். பழைய கைப்பேசி எடுப்பதென்றால் வோல்ட்டி அழைப்பு (4ஜி வழியாகவே பேசும் வசதி) வேலை செய்கிறதா என்று உங்கள் சிம்மைப் போட்டுச் சோதியுங்கள். 3ஜி இங்கே 2021 கடைசியோடு நிறுத்தப்பட்டுவிட்டது, வோல்ட்டி இல்லாத கைப்பேசி அழைப்பு வந்தால் 2ஜி-க்கு இறங்கிவிடும், ஓடிக்கொண்டிருந்த வரைபடம் நின்றுபோகும்.

விளம்பரத்தில் "16 ஜி.பி. ரேம்" என்று பெரிதாகப் போட்டு அடியில் 8+8 என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். பின்னால் வரும் 8 உண்மையான ரேம் இல்லை, சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீலியோ ஜி99 2022-ல் வந்த கைப்பேசிப் புராசசர். ஜி100 என்ற பெயரில் வருவதும் கிட்டத்தட்ட அதேதான், உங்கள் வேலைக்கு நன்றாகவே போதும்.

எங்கே வாங்குவது? கொம்தார் வட்டாரத்தில் நாலு கடை ஏறி இறங்குங்கள். கே.எல். போகும் வேலை இருந்தால் லோயாட். ஆன்லைனில் என்றால் கம்பெனியின் அதிகாரபூர்வக் கடையில் மட்டும். "ஏ.பி. செட்" (கம்பெனியின் உள்ளூர்க் கிளை வழியாக வராத இறக்குமதிப் பொருள்) என்று ஐம்பது, நூறு வெள்ளி குறைத்துத் தருவதில் உள்ளூர் உத்தரவாதம் கிடையாது. கைப்பேசியில் சிரிம் தரமுத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், செட்டிங்கில் மின்முத்திரையாகவும் இருக்கும்.

ரசீதை எறிந்துவிடாதீர்கள். வருமான வரிக் கணக்கில் வாழ்க்கைமுறைக் கழிவு என்று 2,500 வெள்ளி வரை இருக்கிறதல்லவா, அதில் உங்களுக்கும் துணைவிக்கும் பிள்ளைக்கும் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கணினியும் கைப்பேசியும் அடங்கும். ஆகவே மகளின் லேப்டாப் ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும், சூட்டுத்தாள் ரசீது அதற்குள் வெளுத்துவிடும், அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். பொருளில் கோளாறு இருந்து கடை கைவிரித்தால் அந்த ரசீதோடு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், மனு கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை.