மானிட்டரில் 90 போதுமா?

கேள்வி: அப்பாவுக்குப் பல வருடங்களாக சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுத்திணறல் முற்றி இப்போது ஐசியுவில் இருக்கிறார். மானிட்டரில் ஆக்சிஜன் 90தான் காட்டுகிறது. கூட்டச் சொன்னால் நர்ஸ் மறுக்கிறார். முகத்தில் இறுக்கமான மாஸ்க் வேறு. கழற்றச் சொல்லி அப்பா கையை ஆட்டுகிறார். பார்க்கவே முடியவில்லை, டாக்டர். சிகிச்சை சரியாகத்தான் நடக்கிறதா?

பதில்: அந்த நர்ஸ் செய்தது சரிதான் அம்மா. சிஓபிடி முற்றி வருபவர்களுக்கு நாங்கள் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை வேண்டுமென்றே 88 முதல் 92 சதவீதம் வரைதான் வைக்கிறோம். இவர்களுடைய நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் போவதை உடம்பே குறைத்து வைத்திருக்கும். ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் அந்த ஏற்பாடு கலைந்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கிவிடும். ஆள் குழம்புவார், அப்புறம் தூங்கி வழிவார். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே நடத்தி, 2010இல் வெளியான ஆய்வில், அளவாக ஆக்சிஜன் பெற்றவர்களிடம் இறப்பு தெளிவாகவே குறைந்திருந்தது.

அந்த மாஸ்க் பைபாப் கருவியுடையது. களைத்துப்போன மூச்சுத் தசைகளுக்குத் துணையாக அது காற்றைத் தள்ளுகிறது. ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.35க்குக் கீழே இறங்கி (அதாவது அமிலம் கூடி), கார்பன் டை ஆக்சைடும் ஏறியிருந்தால் இதுதான் உயிர் காக்கும் சிகிச்சை. தொண்டையில் குழாய் போடும் நிலையைப் பலருக்குத் தவிர்த்துவிடுகிறது. முதல் ஒரு மணி நேரம்தான் கஷ்டம். நான் பட்டையை மாட்டுவதற்கு முன் மாஸ்க்கை என் கையாலேயே முகத்தில் பிடித்து, கருவியோடு சேர்ந்து மூச்சுவிடப் பழக்குவேன். பிறகு மணிக்கட்டு நாடியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பலன் தெரிந்துவிடும்.

நெபுலைசர், ஸ்டீராய்டு எல்லாம் கூடவே நடக்கும். ஸ்டீராய்டு பெரும்பாலும் 5 நாள் போதும். சளி பச்சையாக மாறியிருந்தால் ஆன்டிபயாடிக்கும் சேரும்.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்க மாஸ்க்கைக் கழற்றலாமா என்று நர்ஸிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கூப்பிட்டால் பதில் சொல்லாமல் அயர்ந்தால், மானிட்டரில் 95 இருந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள். மாஸ்க் பலன் தராவிட்டால் வென்டிலேட்டர் வைக்க அப்பாவுக்குச் சம்மதமா? அவர் தெளிவாக இருக்கும்போதே, டாக்டரையும் வைத்துக்கொண்டு இதைப் பேசிவிடுங்கள்.