நஷ்டஈடு என்று மட்டும் சொல்லாதீர்கள்

கேள்வி: பருவநிலை மாற்றத்தால் அடிபட்ட ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் நஷ்டஈடு தருகின்றனவாமே?

பதில்: பணம் கொஞ்சம் தருகிறார்கள். நஷ்டஈடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும்! 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவு 'இழப்பும் சேதமும்' பற்றிப் பேசுகிறது. கூடவே நிறைவேறிய தீர்மானத்தின் 51ஆவது பத்தியோ, இதைக் காட்டி யார்மீதும் பொறுப்பு சுமத்தவோ இழப்பீடு கேட்கவோ முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது. இடித்துத் தள்ளியவரே ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் நீட்டி, "இது என் இரக்கம், என் குற்றமல்ல" என்று எழுதி வாங்கிக்கொண்ட கதைதான்.

தொகையைப் பாருங்கள். 2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். சேதம் 1,490 கோடி டாலர். அதுபோக, பொருளாதார இழப்பு 1,520 கோடி. அந்த ஆண்டு எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் இந்த இழப்புகளுக்கென்று தனி நிதியத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு துபாய் மாநாட்டின் முதல் நாளே உண்டியல் திறந்தது. ஐக்கிய அரபு அமீரகமும் ஜெர்மனியும் தலா 10 கோடி டாலர் தருவதாகச் சொல்லின. அமெரிக்கா சொன்னது 1.75 கோடி, 2025இல் நிதியத்தின் நிர்வாகக் குழுவிலிருந்தே விலகியும் விட்டது. மாநாடு முடிவதற்குள் எல்லா நாடுகளும் சொன்னதைக் கூட்டினால் சுமார் 70 கோடி. பாகிஸ்தானின் அந்த ஒரு வெள்ளக் கணக்கு மட்டும் இதைப்போல் நாற்பது மடங்குக்கு மேல். அப்புறம், வாக்குறுதி வேறு, ஒப்பந்தம் வேறு, பெட்டிக்குள் பணம் விழுவது வேறு.

ஒரு நல்ல சேதி: 2025இல் முடிவான முதற்கட்ட 25 கோடி டாலர் கடனாக அல்ல, மானியமாகப் போகிறது. அதில் பாதியாவது சிறு தீவு நாடுகளுக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: அந்த நாடுகள் பேசாமல் காப்பீடு எடுத்துக்கொள்ளலாமே?

பதில்: புயலுக்குச் சரி. அது வந்தாலும் வரும், வராமலும் போகும். கடல் மட்டம் நிச்சயமாக ஏறுகிறது. நிச்சயமாக நடக்கப்போவதற்கு எந்தக் கம்பெனி காப்பீடு தரும்? இன்னொன்று, காப்பீடு என்ற யோசனையை முதலில் சொன்னதே அவர்கள்தான். 1991இல் ஐ.நா. பருவநிலைப் பேச்சுவார்த்தையில் சிறு தீவு நாடுகள் கூட்டணி சார்பில் பசிபிக் தீவு நாடான வனுவாட்டு கேட்டது அதைத்தான். ஒரு சின்ன வித்தியாசம்: பிரீமியம் கட்டவேண்டியது தொழில்வள நாடுகள், அதுவும் அவரவர் வருமானத்தையும் விட்ட புகையையும் பார்த்து. அந்த வரியைப் படித்ததும் எத்தனை பேர் எழுந்து வெளியே போயிருப்பார்களோ!