திருப்புளி, பிட்டு, ஸ்பேனர்: சிங்காநல்லூர் பட்டறையிலிருந்து கேள்வி பதில்

சிங்காநல்லூர்ல மோட்டார், பம்பு ரிப்பேர் பட்டறை வச்சு இருபத்தாறு வருசம் ஆச்சுங்க. போன வாரம் ஒரு தம்பி "ஸ்க்ரூ தலை ஏன் மழுங்குது"ன்னு கேட்டாருன்னு நாலு வரி எழுதினேன். அதைப் பாத்துட்டு ஆளாளுக்குக் கேட்டிருக்கீங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பட்டறை லீவு. ஒட்டுக்கா பதில் சொல்லிடறேன்.

சரவணம்பட்டி: அண்ணா, முப்பது பிட்டு (டிரைவர்ல மாட்டற முனை) இருக்கிற செட்டு ஒண்ணு வாங்கினேன். ஒரு கட்டில் பூட்டி முடிக்கறதுக்குள்ள ஸ்டார் பிட்டெல்லாம் மழுங்கிருச்சு. எந்தக் கம்பெனி வாங்கட்டும்?

கம்பெனியை அப்பறம் பாக்கலாம் தம்பி. எந்த நம்பர் பிட்டைப் போட்டீங்கன்னு சொல்லலியே.

நாம ஸ்டார்ங்கறது பிலிப்ஸ். (நெசமான ஸ்டார், ஆறு முனை இருக்கறது, டார்க்ஸ். அது 1967ல வந்தது. கடையில ஸ்டார்னு கேட்டா ரெண்டுல எதையாச்சும் எடுத்துக் குடுப்பாங்க, பாத்து வாங்குங்க.) பிலிப்ஸ்ல 0, 1, 2, 3ன்னு நம்பர் இருக்கு. கட்டில், கதவுக் கீல், ஜிப்சம் போர்டுக்குப் போடற கருப்பு ஸ்க்ரூ, இதெல்லாம் பெரும்பாலும் 2ஆம் நம்பர். அந்தக் குழிக்குள்ள 1ஆம் நம்பரும் போகும், திருப்பினா திரும்பவும் செய்யும். ஆனா குழியோட அடியில மட்டும் பிடிச்சிருக்கும். கொஞ்சம் இறுக்கம் வந்ததும் கடகடன்னு வழுக்கி, பிட்டும் போச்சு, ஸ்க்ரூவும் போச்சு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. காந்தம் இல்லாத பிட்டை நேரா நிமித்திப் பிடிச்சு, ஸ்க்ரூவைத் தலைகீழா அது மேல வைங்க. விரலால ஸ்க்ரூவை லேசா ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இல்லாம கவ்வி நின்னா அதுதான் அளவு. தலையாட்டி பொம்மையாட்டம் ஆடுச்சுன்னா அடுத்த நம்பர் எடுங்க.

இன்னொண்ணு, பிலிப்ஸ் குழியோட சுவரே சாய்வுதான். திருப்பற பலம் ஏற ஏற அது டிரைவரை வெளிய தள்ளும். அதனால முக்கால் பங்கு பலத்தை அழுத்தறதுக்கு வைங்க, கால் பங்கு திருப்பறதுக்குப் போதும். டிரில் மெசின்ல பூட்டறதா இருந்தா கிளச் நம்பரை (எத்தனை இறுக்கத்துல நிக்கணும்கற நம்பர்) கம்மியில வச்சு ஆரம்பிங்க.

செட்டு வாங்காதீங்க. முப்பது பிட்டுல நாலைத்தான் நீங்க தொடப்போறீங்க. அந்த நாலையும் தனித்தனியா நல்லதா வாங்குங்க. எஸ்-2ன்னு எழுதியிருக்கிற இரும்பு, அதிர்வு தாங்கறதுக்குன்னே செஞ்சது. எழுத்தை யாரு வேணா பொறிக்கலாம்கறது வேற விசயம். முனையைப் பாருங்க: நாலு றெக்கையும் ஒரே கனமா, ஓரம் கூரா, பிசிர் இல்லாம இருக்கணும். பூச்சு தடிமனா, மழமழன்னு உருண்டு இருந்தா வச்சிட்டு வந்துருங்க.

ஈரோடு, மாடுலர் கிச்சன் வேலை: ஜெர்மன் கீலுக்கு வர்ற ஸ்க்ரூவுல புது 2ஆம் நம்பர் பிட்டு போட்டாலும் வழுக்குதுங்க. பிட்டு டூப்ளிகேட்டா?

பிட்டு மேல சந்தேகப்படாதீங்க. ஸ்க்ரூ தலையை உத்துப் பாருங்க, சிலுவைக் கோட்டுக்கு நடுநடுவுல முடி மாதிரி நாலு மெல்லிசு கோடு இருக்கும். அது போசிடிரைவ். அதுக்குப் பி.இசட். 2 பிட்டு வேணும், பி.ஹெச். 2, அதாவது பிலிப்ஸ் 2, ஆகாது. பி.இசட். பிட்டுல நாலு றெக்கைக்கு நடுவுல இன்னும் நாலு சின்ன வரம்பு இருக்கும். அதைக் கொண்டுபோய் சாதா பிலிப்ஸ் ஸ்க்ரூவுல போட்டா முழுசா உள்ள இறங்காது. ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டு வைக்காதீங்க, அவசரத்துல கை மாறிரும்.

கோபி: ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கேன் மாமா. சைடு கவர் ஸ்க்ரூ அஞ்சுல மூணு வந்துருச்சு, ரெண்டு தலை மொட்டையாயிருச்சு. வெல்டிங் வச்சுத்தான் எடுக்கணுமா?

சித்த நில்லுங்க மாப்ள, வெல்டிங் கடைசி வழி. அந்த வண்டி 1985ல இருந்து 1996 வரைக்கும் வந்தது, சின்னதும் முப்பது வயசு நெருங்கிருச்சு. அலுமினியத்துக்குள்ள இரும்பு ஸ்க்ரூ இத்தனை வருசம் உக்காந்தா ஒட்டிக்காம என்ன செய்யும்?

மொட்டையாறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பான் வண்டி ஸ்க்ரூவுல இருக்கறது பிலிப்ஸ் மாதிரியே தெரியும், ஆனா அவங்க அளவு வேற. ஜே.ஐ.எஸ்.ம்பாங்க. சில ஸ்க்ரூவுல தலை ஓரத்துல ஊசியில குத்தினாப்பல ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். சாதா பிலிப்ஸ் டிரைவர் அந்தக் குழியில முழுசா பதியாம அந்தரத்துல நிக்கும். ஜப்பான் வெசல் கம்பெனி டிரைவர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா பிலிப்ஸ் ஸ்க்ரூவையும் அதுலயே பாத்துக்கலாம். பழைய வண்டி வச்சிருக்கறவங்களுக்கு அந்தக் காசு தெண்டமில்ல.

இப்ப மொட்டையான ரெண்டுக்கும் வாங்க. துரு இளக்கற ஸ்பிரே அடிச்சு ராத்திரி பூரா விடுங்க. காலையில ஸ்க்ரூ தலை மேல ஒரு பஞ்ச் (சுத்தியல்ல தட்டற இரும்புத் தண்டு) நேரா வச்சு சுத்தியல்ல நாலு தட்டுத் தட்டுங்க. விரிஞ்சுபோன குழி ஓரமும் கொஞ்சம் உள்ள அடங்கும், மரையில பிடிச்ச துருவும் அதிரும். அப்பறம் சுத்தியல்ல அடிச்சா தானா திரும்புமே, அந்தக் கை இம்பாக்ட் டிரைவர், அதை இடது பக்கம் திரும்பற மாதிரி வச்சு ஒரே போடு. மூணு தரம் அடிச்சும் அசையலீன்னா நிறுத்திருங்க, கவர் வெடிக்கும். தலையை மட்டும் டிரில்ல எடுத்துட்டா கவர் கழண்டு வந்துரும். நீட்டிட்டு நிக்கிற தண்டை வைஸ் கிரிப்ல பிடிச்சுத் திருப்பினா, இறுக்கம் இல்லாததுனால சுலபமா வரும்.

திரும்பப் பூட்டறப்ப 6 எம்எம் ஆலன் போல்ட்டு (தலையில ஆறு மூலைக் குழி இருக்கறது) போடுங்க. சாவி 5 எம்எம். ஆனா ஆலன் கீயில நல்ல பலம் கிடைக்குதேன்னு முறுக்கிறாதீங்க. அலுமினியத்துல மரை போச்சுன்னா அது தனிச் செலவு.

திருப்பூர், தையல் மெசின் மெக்கானிக்: பிளாட் ஸ்க்ரூ டிரைவர் எத்தனை நல்லதா வாங்கினாலும் ஊசித்தட்டு ஸ்க்ரூ வாய் கிழிஞ்சிருதுங்கண்ணா. சூப்பர்வைசர் என்னையத்தான் திட்டறாரு.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன்.

உங்க டிரைவர் முனையை முகத்துக்கு நேரா பிடிக்காம பக்கவாட்டுல பிடிச்சுப் பாருங்க. உளி மாதிரி அடியில மெல்லிசா ஆரம்பிச்சு மேல போகப்போக கனமாகும். ஸ்க்ரூ வாயோ, ரெண்டு சுவரும் நேரா இருக்கிற ஒரு வாய்க்கால். ஆப்பை வாய்க்காலுக்குள்ள வச்சா எங்க தொடும்? மேல் விளிம்புல மட்டும்தான். திருப்பறப்ப அந்த விளிம்பு நசுங்கி, ஆப்பு மேல ஏறி, வாய் கிழியும். டிரைவர் எத்தனை விலைன்னாலும் இதேதான் நடக்கும்.

அப்ப முனையில ஒரு 2 எம்எம் நீளத்துக்காவது ரெண்டு பக்கமும் நேரா இருக்கணும். கனம் வாயை நெறைக்கணும், அகலம் ஸ்க்ரூ தலை அகலத்துக்கு ஒரு முடி கம்மியா இருக்கணும். கூடிப்போனா தட்டுல கோடு விழும், அந்தக் கோட்டுல நூல் மாட்டும், அப்பறம் சூப்பர்வைசர் திட்டறதுல நாயம் இருக்கு.

நான் வேலை பழகின பட்டறையில முதலாளி புது டிரைவர் வாங்கினதும் நேரா வேலைக்கு எடுக்க மாட்டாரு. முனை மேல பட்டை அரத்தை ஒரு இழுப்பு இழுப்பாரு. அரம் கஷ்டப்பட்டுக் கடிச்சா "தேறும்"பாரு. முருங்கைக் கட்டையைச் சீவற மாதிரி சீவிக்கிட்டுப் போச்சுன்னா அடுத்த நாள் கடைக்கே திரும்பிரும். தேறினதை கிரைண்டிங் சக்கரத்தோட வளைவுல ரெண்டு பக்கமும் தொட்டும் தொடாம வச்சு எடுப்பாரு. வளைவு சக்கரத்துலயே இருக்கறதுனால முனை லேசாக் குழிஞ்சு, ஓரம் நேராகிரும். தொடறதுக்கு ஒருக்கா தண்ணியில முக்குவாரு. நான் மொத தடவை செஞ்சப்ப முக்காம விட்டு முனையில நீலம் பாஞ்சிருச்சு. நீலம் பாஞ்சா சூடு 300 டிகிரிக்கு வந்துருச்சுன்னு அர்த்தம், டெம்பர், அதாவது இரும்போட கெட்டி, இறங்கிரும். அந்த டிரைவரை ஒரு வருசம் என் கண்ணுல படற மாதிரி ஆணியில மாட்டி வச்சிருந்தாரு.

மெசினுக்குச் சரிபண்ணின டிரைவரை வேற எந்த வேலைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க. முக்கியமா பக்கத்து லைன் ஆளுக்கு.

சோமனூர்: பழைய நாடாத்தறி எட்டு ஓடுது. 13 ஸ்பேனர் போட்டா லூசா இருக்கு, 12 போகவே மாட்டேங்குது.

ஏன்னா அது நாலு நூல் ஸ்பேனர் கேக்குற தலை. நம்மூர்ல ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், நாலு நூல்னா அரை இஞ்சு, 12.7 எம்எம். 13ல 0.3 எம்எம் ஆட்டம். இத்தனூண்டுதானேன்னு நெனப்பீங்க, பத்து தடவை கழட்டிப் பூட்டினா தலை உருண்டைதான். இஞ்சு ஸ்பேனர் ஒரு செட்டு தனியா வைங்க, பிடியில செவப்புப் பெயின்ட் அடிச்சு வைங்க. 19க்கு மட்டும் கவலை வேண்டாம், ஆறு நூல் 19.05 எம்எம், ரெண்டும் ஒண்ணுதான்.

ரொம்பப் பழைய தறியா இருந்தா விட்வொர்த்ங்கற பழைய இங்கிலீஷ் அளவு போல்ட்டும் இருக்கும். அந்த ஸ்பேனர் மேல எழுதியிருக்கறது போல்ட்டோட தடிமன், தலை அகலம் இல்லீங்க. அதுல ஏமாந்துறாதீங்க. மரைக்கோணமும் 55 டிகிரி, எம்எம் போல்ட்டுக்கு 60. நட்டு ரெண்டு சுத்து ஏறிப் பிடிச்சுக்கிச்சுன்னா ஸ்பேனரைப் போட்டு முறுக்காம, இறக்கிட்டு வேற நட்டுத் தேடுங்க.

உருண்ட தலைக்குப் பன்னெண்டு மூலை ரிங்கு போடாதீங்க, ஆறு மூலை போடுங்க. ஸ்க்ரூ ஸ்பேனரை (வாயைக் கூட்டிக் குறைக்கறது) எடுத்தா, பலம் அசையாத தாடை மேல விழற பக்கமாத் திருப்புங்க.

திருச்செங்கோடு, ரிக் வண்டி: நட்டுக் கழட்டற ஏர் கன்ல பளபளன்னு இருக்கிற சாதா சாக்கெட் போட்டா என்னங்க?

வெடிக்கும். பாலீஷ் போட்ட குரோம் சாக்கெட் கைக்குன்னு கெட்டியா செஞ்சது, இடி தாங்காது. கருப்பா, சுவர் தடிமனா இருக்கிற இம்பாக்ட் சாக்கெட்தான் போடணும். கண்ணாடி போடாம ஏர் கன் பிடிக்கிற பசங்களை வண்டியில இருந்து இறக்கி விடுங்க.

பொள்ளாச்சி: தோப்புல ஸ்டார்ட்டர் டப்பா வொயர் அடிக்கடி லூசாகி கருகுது. நானே டைட் பண்ணிக்கலாம்னு பாக்கறேன். இன்சுலேட் டிரைவர் எது நல்லது?

பிடியில ரெண்டு முக்கோணக் குறியும் 1000 வோல்ட்டுன்னும் இருக்கணும், முனை தவிர தண்டு பூரா உறை போட்டிருக்கணும். பிளாஸ்டிக் பிடி இருக்கறதெல்லாம் இன்சுலேட் இல்லீங்க.

ஆனா டிரைவரை நம்பி கரண்டோட கை வைக்காதீங்க. அது 415 வோல்ட். நம்ம தோட்டத்து த்ரீ பேஸ் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியும்ல? "கரண்ட் இல்ல"ன்னு டப்பாவைத் திறக்கறப்பத்தான் வரும், ஆட்டோ ஸ்டார்ட்டர் வேற தானா இழுக்கும். மெயினை இறக்கி, பியூஸ் கேரியரைப் பிடுங்கி ஜோப்புல போட்டுக்கிட்டு வேலை பாருங்க. டெஸ்டர் எரியலீன்னா கரண்ட் இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க, செருப்பும் காஞ்ச தரையுமா இருந்தா சில நேரம் எரியாது. வொயர் முனை கருகியிருந்தா அதை வெட்டிட்டுப் புதுசா லக் (வொயர் முனையில மாட்டற உலோகக் கொக்கி) அடிச்சுப் பூட்டுங்க. கருகினதையே இறுக்கினா மறுபடி சூடாகும்.

வடவள்ளி: கிரைண்டர் அடிமூடி ஸ்க்ரூ துருப்பிடிச்சு வரவே இல்ல அண்ணா. தேங்காயெண்ணெய் விட்டுப் பாத்துட்டேன்.

தேங்காயெண்ணெய் தோசைக்கு ஆகும் அம்மணி, துருவுக்கு ஆகாது. கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு, ஆனா மாவுத்தண்ணி அடியில வடியறதுக்கு அது ஒண்ணும் பண்ணாது! பிளக்கைப் பிடுங்கிட்டு, ஊறல் ஸ்பிரே அடிச்சு அரை மணி நேரம் விடுங்க. குழிக்குள்ள காஞ்ச மாவு இருக்கும், ஊசியில சுரண்டி எடுங்க. அது இருந்தா எந்த டிரைவரும் பதியாது. அப்பறம் கழட்டற பக்கம் திருப்பறதுக்கு முன்னால, இறுக்கற பக்கம் ஒரு நூலளவு அசைச்சுப் பாருங்க. துரு விட்டுச்சுன்னா "டக்"குன்னு சத்தம் கேக்கும்.

பேரூர்: புதுசா வாங்கறதா, உக்கடத்துல பழசு வாங்கறதா?

ஸ்பேனர் பழசு வாங்கலாம், வாய் விரியாம இருந்தா. சரியான அளவு போல்ட் ஒண்ணு ஜோப்புல கொண்டுபோய் மாட்டிப் பாத்து வாங்குங்க. உரசி வெல்டிங் வச்சதைத் தொடாதீங்க. பிட்டு, கட்டிங் பிளேயர், டெஸ்டர் மூணும் புதுசுதான். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிங்க, வெட்டுற வாயில வெளிச்சக் கீத்துத் தெரியக்கூடாது. நாசிக் டபாரியாவோ ஜலந்தர் சரக்கோ, பில்லு போடற கடையில வாங்குங்க.

பல்லடம்: பழைய ஸ்க்ரூ டிரைவரை உளியா அடிக்கலாமா?

கூடாதுன்னுதான் சொல்லணும். ஆனா பெயின்ட் டப்பா திறக்க, ஆணி நெம்ப, கிரீஸ் சுரண்டன்னு எல்லாப் பட்டறையிலயும் ஒண்ணு இருக்கும். என்ற பட்டறையில இருக்கறது, நான் நீலம் பாய விட்டேன்னு சொன்னேனே, அதேதான். வேலையை விட்டு வர்றப்ப முதலாளி ஆணியில இருந்து எடுத்து என் கையிலயே குடுத்துட்டாரு.