விட்டுப்போன சாதகம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்குத் திருக்கோவில். மட்டக்களப்புக் கல்லடியில் விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலின் படித்தேன். படித்த நாலு வருசமும் விடியப்புறம் எழும்பிச் சாதகம், அதாவது வாசிப்புப் பயிற்சி, பண்ணாத நாள் குறைவு. பட்டம் முடிந்து, நியமனத்துக்குக் காத்திருந்து, கடைசியில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. இப்போது கல்முனையில் கந்தோர். கலியாணம், பிள்ளை, பஸ் என்று வயலின் அலுமாரிக்கு மேலே ஏறி ஐந்து வருசம் ஆகிவிட்டது.

போன தைப்பொங்கலன்று, தினம் ஒரு மணித்தியாலம் என்று சத்தியம் பண்ணித் தொடங்கினேன். மூன்று நாள் நடந்தது. நாலாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், அதோடு நின்றுவிட்டது. சித்திரை வருசப்பிறப்புக்கு மறுபடி தொடங்கினேன், அதுவும் அப்படியே. இப்போது பெட்டியைத் திறக்கவே மனம் கூசுகிறது. வாசித்தால் எனக்கே கேட்க முடியவில்லை, அவ்வளவு பிசகு. ஆனால் பஸ்ஸில் நிற்கும்போது இடது கை விரல்கள் தன்பாட்டில் கம்பியில், படித்த ஒரு வர்ணப் பாட்டை வாசிக்கின்றன. இன்னும் முயற்சி செய்வதா, இல்லை விட்டுவிடுவதுதான் மரியாதையா? மன உறுதி இல்லாதவளுக்குச் சங்கீதம் எதற்கு என்றும் தோன்றுகிறது.

க., திருக்கோவில்

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அதை வாசித்தபோதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. கைக்குழந்தையோடு, திருக்கோவிலிலிருந்து கல்முனைக்குத் தினமும் பஸ் ஏறி இறங்கி, வீட்டையும் கந்தோரையும் சுமக்கிற ஒருத்தி மன உறுதி இல்லாதவள் என்றால் அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

கல்லடியில் நீங்கள் விடியப்புறம் எழும்பியதை நினைத்துப் பாருங்கள். பக்கத்து அறையில் ஒருத்தி சுருதிப் பெட்டியைப் போட்டிருப்பாள், அடுத்த அறையில் மிருதங்கச் சொற்கட்டு கேட்கும், எட்டரைக்கு வகுப்பில் ஆசிரியர் “நேற்றுக் கொடுத்ததை வாசி” என்பார், வருடக் கடைசியில் சோதனை வரும். அத்தனை பேரும் அத்தனை சத்தமும் சேர்ந்துதான் உங்களைப் பாயிலிருந்து எழுப்பின. அப்போது உங்களுக்கு உறுதி இருந்தது உண்மை, ஆனால் அதில் பாதி வேலையை அந்த இடம் பார்த்துக்கொண்டது. இப்போது அந்த இடம் இல்லை. அந்தப் பாதியையும் சேர்த்து நீங்கள் தனியாகச் சுமக்கப் பார்த்தீர்கள், முடியவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இது நான் உங்கள் ஆறுதலுக்காகச் சொல்லுவதல்ல. வென்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போன மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. உடற்பயிற்சி, பத்திரிகை வாசிப்பு, தொலைக்காட்சி பார்ப்பது என்று சாதாரணப் பழக்கங்களைத்தான் பார்த்தார்கள். புது இடத்திலும் சூழல் பழையபடி அமைந்தவர்களுக்குப் பழக்கம் தொடர்ந்தது, சூழல் மாறினவர்களுக்குக் குலைந்தது. ஆகவே உங்களை நீங்களே திட்டுவதை விட்டுவிட்டு, திருக்கோவில் வீட்டில் கல்லடியின் ஒரு துண்டையாவது எப்படி உண்டாக்கலாம் என்று யோசியுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

அதற்கு முன் “எனக்கே கேட்க முடியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

புதிதாகப் படிக்கிற பிள்ளைக்குத் தன் பிசகு கேட்காது. கிறீச்சென்று இழுத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும், அதனால்தான் அந்தப் பிள்ளையால் படிக்க முடிகிறது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. கை ஐந்து வருடம் பின்னால் போய்விட்டது, காது போகவில்லை. பஸ்ஸிலும் கோயிலிலும் கலியாண வீட்டிலும் கேட்டுக்கேட்டு அது இன்னும் கூர்மையாகக்கூட ஆகியிருக்கும். மாயாமாளவகௌளை ராகத்தில் காந்தாரச் சுரம் ஒரு மயிரிழை இறங்கி நின்றாலும் உங்கள் காது சொல்லிவிடுகிறது, விரல் அங்கே போய்ச் சேர மாட்டேன் என்கிறது. அந்த இடைவெளியைத் தாங்குவதுதான் திரும்பி வருகிறவரின் உண்மையான கஷ்டம். முதல் தடவை படித்ததைவிட இது மனதுக்குக் கடினம், அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் வயலினில் வீணையைப் போலச் சுர இடத்தைக் காட்டுகிற மெட்டுக் கம்பி கிடையாது. விரல் எங்கே அமர வேண்டும் என்று சொல்லக் காதைத் தவிர வேறு ஆளில்லை. கிடைக்க அரிதான அந்த ஒன்று உங்களிடம் அப்படியே இருக்கிறது. போனதெல்லாம் விரல் நுனியின் காய்ப்பு, சுண்டுவிரலின் பலம், வில்லை நேராக இழுக்கிற பழக்கம். இவை மூன்றும் திரும்பி வரக்கூடியவை.

இன்னொன்றும் கேட்கிறேன். வயலின் நரம்பை, அந்தத் தந்திகளை, மாற்றினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடற்கரை ஊரில் அலுமாரிக்கு மேலே ஐந்து வருடம் கிடந்த நரம்பு உப்புக்காற்றில் கறுத்து, கை பட்டால் சொரசொரக்கும். அப்படிப்பட்ட நரம்பில் எவ்வளவு பெரிய வித்துவான் விரல் வைத்தாலும் சுரம் சுத்தமாகச் சேராது. மூடிக் கிடந்த பெட்டிக்குள் வில்லின் மயிரைப் பூச்சி அரித்திருக்கவும் கூடும். நரம்பை முறுக்குகிற பிருடையும் அப்படித்தான், கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் காய்ந்து நழுவும், மாரியில் ஊறி இறுகிக்கொள்ளும். நீங்கள் கேட்டுக் கூசின பிசகில் ஒரு பங்கு உங்களுடையதே இல்லை, அது வாத்தியத்துடையது. இதைத் தெரிந்துகொள்ளாமல் உங்கள் தலையில் முழுப் பழியையும் போட்டுக்கொண்டு பெட்டியை மூடியிருக்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

சரி, அந்த நாலாம் நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வயலினை எடுக்காமல் இருந்ததுதான் சரி. பிழை ஐந்தாம் நாளைப் பற்றின நினைப்பில். ஒரு நாள் போனால் சத்தியம் உடைந்தது, உடைந்தது உடைந்ததுதான், இனி அடுத்த நல்ல நாளுக்குத்தான் என்று சித்திரைக்குத் தள்ளிவிட்டீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 கிழமை தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு பழக்கம் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வரச் சுமார் 66 நாள், ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அதைவிட உங்களுக்குத் தேவையான விசயம் ஒன்று அதில் உண்டு, இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே காய்ச்சல் நாளைச் சும்மா விடுங்கள். அதற்கு வட்டி போட்டு மறுநாள் இரண்டு மணித்தியாலம் வாசிக்கவும் வேண்டாம்.

எங்கள் பக்கக் கூத்தைப் பாருங்கள். வருடம் முழுக்க யாரும் ஆடிக்கொண்டிருப்பதில்லை. வயல் வேலை வந்தால் கூத்து கிடக்கும். போர்க்காலத்தில் இரவில் களரி கூட முடியாமல் வருடக்கணக்கில் நின்றுபோன ஊர்களும் உண்டு. மறுபடி தொடங்கும்போது என்ன செய்கிறார்கள்? முதலில் ‘சட்டம் கொடுத்தல்’, அதாவது யாருக்கு எந்த வேடம் என்று முடிவாகிப் பாட்டு கைக்கு வருகிறது. அப்புறம் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை எடுத்து, போன முறை அருச்சுனன் ஆடினவரையும் புதுப் பொடியனையும் ஒரே வட்டத்தில் நிறுத்தி முதல் தாளக்கட்டிலிருந்து ஆட்டம் பழக்குகிறார். பழைய ஆட்டக்காரரின் கால் பிசகினால் அவர் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை, மறுபடி மிதிக்கிறார். சதங்கை அணிவதும் அரங்கேற்றமும் அதற்கு எவ்வளவோ பின்னால். நீங்கள் அரங்கேற்ற இரவின் கணக்கை வைத்துக்கொண்டு பழக்கத்தின் முதல் இரவை அளந்திருக்கிறீர்கள்.

தினம் பஸ்ஸில் காரைதீவைக் கடக்கிறீர்கள். அங்கே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், நீங்கள் படித்த நிறுவகத்துக்கே பெயர் தந்தவர், பழந்தமிழர் யாழைப் பற்றிய ஆராய்ச்சியை ஒரே மூச்சில் செய்யவில்லை. நடுவில் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து ‘பிரபுத்த பாரத’ இதழை நடத்தினார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார், உடம்பும் படுத்தியது. ‘யாழ் நூல்’ அரங்கேறியது 1947 ஜூனில், அடுத்த மாதம் அவர் காலமானார். அவரைப் போல நீங்களும் சாதிக்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. குடும்பம் இல்லாத துறவிக்கே வேலைகள் குறுக்கே வந்தன, விட்டு விட்டுத்தான் அவரும் திரும்பி வந்தார்.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். ஒரு மணித்தியாலம் வேண்டாம், பத்து நிமிடம். பின்னேரம் விளக்குக் கொளுத்தின கையோடு, வேறு வேலை தொடங்கும் முன். அந்த நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரிடமாவது இப்போதே சொல்லிவையுங்கள், வீட்டுக்காரர் செய்யலாம், செய்ய வேண்டும். வயலின் அலுமாரிக்கு மேலே இருக்கக் கூடாது, பிள்ளைக்கு எட்டாத ஆனால் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். முதலில் வெறும் ஷட்ஜமும் பஞ்சமமும், அந்த ‘ச’வும் ‘ப’வும் மட்டும், நீள வில். பிறகு தொடக்கப் பாடமான சரளி வரிசை, மெதுவான முதற்காலம் மட்டும். விரல் நுனி எரிந்தால் நிறுத்திவிடுங்கள். அடிப்படையை முடித்த பிறகுதான் உருப்படி, அதாவது முழுப் பாட்டு, என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடைசி இரண்டு நிமிடம் பஸ்ஸில் வாசிக்கிற அந்த வர்ணத்தின் பல்லவியை மெதுவாக வாசியுங்கள், பிசகினாலும் பரவாயில்லை. உங்களைத் திரும்ப இழுக்கிறது அதுதான், சரளி வரிசை இல்லை.

விட்டுவிடுவதுதான் மரியாதையா என்று கேட்டீர்கள். விட்டவர்களை நான் குறைவாக நினைக்க மாட்டேன், சிலருக்கு ஒரு கலை வாழ்க்கையின் ஒரு பகுதியோடு முடிந்துபோகும், அதில் தப்பே இல்லை. ஆனால் அவர்களுக்கு விரல் பஸ் கம்பியில் ஓடாது. உங்களுக்கு அது முடிந்துபோகவில்லை, முடிந்ததாக நீங்கள் கையெழுத்து வைக்கவும் வேண்டாம்.

கல்லடியின் துண்டு என்றேனே, அதற்கு எனக்குத் தோன்றுவது இது. உங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிறு அறநெறி வகுப்பு நடந்தால், பிள்ளைகள் தேவாரம் படிக்கும்போது பின்னால் இருந்து வாசிக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பழம்பஞ்சுரப் பண்ணில் அமைந்த பதிகம் என்றால் சங்கராபரண ராகம், உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிழமைக்கு ஒரு நாள் யாரோ உங்களை எதிர்பார்ப்பார்கள், மற்ற ஆறு நாளும் அந்த ஞாயிறுக்காக நீங்களே பெட்டியைத் திறப்பீர்கள். உடனே போக வேண்டியதில்லை, இரண்டு மூன்று மாதம் கழித்துப் போகலாம், ஆனால் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

அதற்கெல்லாம் முதல் நரம்பு. அடுத்த லீவு நாளில் வயலினைத் தூக்கிக்கொண்டு கல்லடிக்கு வந்து, படிப்பித்த ஆசிரியரிடமே காட்டுங்கள். ஐந்து வருடம் தொடவில்லை என்பதை மறைக்க வேண்டாம். நரம்பைத் தாங்குகிற குதிரை சாய்ந்திருக்கிறதா, வில்லுக்கு மயிர் மாற்ற வேண்டுமா என்று அவர் பார்த்துச் சொல்லுவார். போவதற்கு முன் ஒரு போன் எடுத்துவிட்டுப் போங்கள், அவருக்கு வகுப்பில்லாத நாளாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா