கடல் தாண்டிப் போனவர்கள்: வாசகர் கேள்வியும் பதிலும்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் விசா முடிந்தும் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

தென்காசி வாசகர்: என் மகன் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். மலேசியாவுக்கு இப்போது விசாவே தேவையில்லை, போய் இறங்கினால் ஓட்டல்காரர் பெர்மிட் போட்டுக் கொடுப்பார் என்று ஒரு ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். அனுப்பலாமா அண்ணாச்சி?

பதில்: அனுப்பாதீர்கள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்பது உண்மை. அது 30 நாள் சுற்றிப் பார்ப்பதற்கு. பரோட்டா போடுவதற்கு அல்ல. முப்பத்தோராம் நாள் உங்கள் மகன் அந்த நாட்டுச் சட்டப்படி குற்றவாளி. அப்புறம் ஓட்டல்காரர் சொன்னதுதான் சம்பளம். எதிர்த்துக் கேட்டால் 'போலீஸைக் கூப்பிடவா' என்பார்.

இன்னொன்று. நம் அரசு விதிப்படி, பதிவு பெற்ற ஏஜெண்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்கும்போதே அவர் யார் என்று தெரிந்துவிட்டது. வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வள்ளியூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி: அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் சவுதிக்கு ஹவுஸ் டிரைவராகப் போனார். எட்டு மாசமாகச் சம்பளம் இல்லை. கேட்டதற்கு கபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கைநீட்டியிருக்கிறான். வெளியே வந்து ரியாத்தில் நம்ம ஊர்க்காரர்கள் அறையில் இருக்கிறார். ஓடிப்போனவர் என்று ஹுரூப் போட்டாச்சு, அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையான இக்காமாவும் முடிந்துவிட்டது. 'கள்ளத்தனமாக இருக்கிறவன்' என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். நான் பீடி சுற்றித்தான் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். அவரை எப்படி ஊருக்குக் கொண்டுவருவது?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் லேபர் கேம்பில் டைம் கீப்பராக இருந்தவன். முறையான விசாவில் வந்த ஆள் எப்படிச் சட்டவிரோத ஆளாக ஆக்கப்படுகிறான் என்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். இக்காமாவைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி, பணம் கட்ட வேண்டியவரும் அவர்தான். அவர் கட்டாமல் விட்டால் போலீஸ் வண்டியில் ஏற்றுவது தொழிலாளியை. சம்பளம் கேட்டு வெளியேறினால், 'ஆள் ஓடிவிட்டான்' என்று முதலாளி தரப்பில் ஒரு பதிவு போட்டால் போதும், ஹுரூப். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது சவுதி விதிப்படியே தவறு. இருந்தாலும் எங்கள் கேம்பில் அத்தனை பேர் பாஸ்போர்ட்டும் ஆபீஸ் அலமாரியில்தான் இருந்தது.

2021 மார்ச்சில் சவுதி அரசு ஒரு மாற்றம் கொண்டுவந்தது. ஒரு வருடம் வேலை பார்த்தவர் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம். நல்ல சட்டம். ஆனால் வீட்டு டிரைவர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், தோட்ட வேலைக்காரர்கள் ஆகியோரை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். யாருக்கு அது உயிர்போகிற தேவையோ அவர்களுக்கு இல்லை. உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவர் ரியாத் இந்தியத் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட் கையில் இல்லாவிட்டாலும் ஊர் திரும்புவதற்கு மட்டும் ஒரு அவசரப் பயணச் சான்று கொடுப்பார்கள். இங்கிருந்து நீங்கள் வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் புகாரைப் பதியுங்கள். பிள்ளைகள் செல்போனிலேயே செய்துவிடுவார்கள். வருகிற புகார் எண்ணை அவருக்கு அனுப்பிவிடுங்கள், தூதரகத்தில் அதைக் காட்டிப் பேசலாம். திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாளில் ஒரு மனு, சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு மனு. எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் எண், இக்காமா எண், கபீலின் பெயரும் ஊரும் இருக்கட்டும். சம்பளப் பாக்கியை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறிவிடாமல், தூதரகம் அதைத் தொடர்ந்து கேட்கும்படி அதிகாரம் எழுதிக் கொடுக்க வழியிருக்கிறதா என்று அங்கேயே விசாரிக்கச் சொல்லுங்கள். 'ரெண்டாயிரம் ரியால் கொடு, ஹுரூப்பை எடுத்துத் தருகிறேன்' என்று வருகிற ஆளுக்கு ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

மன்னிப்புக் காலம் வரும், காத்திரு என்று அறையில் சொல்வார்கள். வரும்தான். சவுதியில் 2013-லும் 2017-லும் வந்தது, குவைத்திலும் அமீரகத்திலும் 2024-ல் வந்தது. அபராதம் இல்லாமல் ஊர் திரும்பலாம் என்றதும் தூதரக வாசலில் வரிசை நிற்கும். நான் அதைக் குறை சொல்லவில்லை, எத்தனையோ குடும்பங்கள் அதனால்தான் ஒன்று சேர்ந்தன. ஆனால் ஒரே முதலாளியின் கையில் ஒருவனுடைய விசா, சம்பளம், படுக்கை மூன்றும் இருக்கிறவரை, மன்னிப்பு முடிந்த மறுவாரம் இன்னொருவன் பெயரில் ஹுரூப் விழுகிறது. மாற வேண்டியது அந்தக் கட்டு. அடுத்த அறிவிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவர் இந்த வாரமே தூதரகம் போகட்டும்.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவர்: 2025 பிப்ரவரியில் அமெரிக்கா 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. திருட்டுத்தனமாகப் போனவர்களைத் திருப்பி அனுப்புவதில் என்ன தவறு? குடியேற்றச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது மீறியவர்களுக்குப் பரிசு கொடுப்பதுதானே?

பதில்: யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு தம்பி. அதை நான் மறுக்கவில்லை. கையிலும் காலிலும் விலங்கு மாட்டி அத்தனை மணிநேரம் உட்கார வைத்தது கொடுமை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டதைவிடப் பெரிய கேள்வி, அனுப்பிய பிறகு அது நிற்கிறதா என்பது.

அமெரிக்காவிலேயே பார்ப்போம். 1986-ல் அதிபர் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1982 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர்களும், தோட்ட வேலை பார்த்தவர்களும் மனுப் போட்டுச் சட்டபூர்வமாகலாம், ஆவணம் இல்லாத ஆளைத் தெரிந்தே வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு அபராதம் என்று வந்தது. சுமார் 27 லட்சம் பேர் காகிதம் பெற்றார்கள். ஆனால் காட்டப்படும் அட்டை அசல் போலத் தெரிந்தால் முதலாளிக்கு அது போதும் என்று சட்டத்தில் விட்டுவிட்டார்கள். பழத்தோட்டத்துக்கும் ஓட்டல் சமையலறைக்கும் கட்டட வேலைக்கும் ஆள் தேவை குறையவில்லை. அந்த வேலைக்கு முறையாக வர வழி? தனித்திறன் கேட்காத வேலைகளுக்கான கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி), குடும்பத்தினரையும் சேர்த்து ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000. அவ்வளவு பெரிய நாட்டுக்கு! அப்புறம் 1996-ல் இன்னொரு சட்டம்: ஒரு வருடம் அனுமதியின்றி இருந்துவிட்டு வெளியேறினால் பத்து வருடம் திரும்ப வர முடியாது. ஊர் போய்ப் பெற்றோரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தவர்கள்கூடப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கு ஆவணம் இல்லாதவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

2013-ல் ஒரு முழுமையான திருத்த மசோதா செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் அதை வாக்கெடுப்புக்கே கொண்டுவரவில்லை. அதில் பரிசு எதுவும் இல்லை. அபராதம் கட்டி, வரிப்பாக்கியைத் தீர்த்து, பல ஆண்டுகள் காத்திருந்துதான் கிரீன் கார்டு.

உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. முறையாக விண்ணப்பித்த நம் ஆட்கள், எந்த நாட்டுக்கும் கிரீன் கார்டில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பால் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். காட்டு வழியில் போனவனுக்குக் கதவு திறந்தால் அவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்கிறேன். இருக்கிற வேலைக்கு ஏற்ற அளவு விசா கொடுங்கள், பிடிக்காத முதலாளியை விட்டு மாற வழி கொடுங்கள், வேரூன்றிவிட்டவர்களைக் கணக்குப் பார்த்துச் சேருங்கள். ஆள் கடத்திய ஏஜெண்டையும் பாதிக் கூலிக்கு வேலை வாங்கியவனையும் முதலில் பிடியுங்கள். தொழிலாளியை மட்டும் விமானத்தில் ஏற்றினால் அவன் இடத்துக்கு அடுத்தவனைக் கொண்டுவர ஏஜெண்ட் அங்கேயே இருக்கிறான்.

கங்கைகொண்டான் வாசகர்: சிப்காட்டில் எங்கே பார்த்தாலும் வடமாநிலத்தவர். இந்தச் சட்டவிரோதக் குடியேற்றத்தைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

பதில்: அது சட்டவிரோதம் இல்லை. நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும் தங்கவும் இந்தியக் குடிமக்களுக்கு அரசியலமைப்பின் 19-வது பிரிவு உரிமை தருகிறது. நம் பிள்ளைகள் மும்பைக்குப் போனதும் அதே உரிமையில்தான்.

நெல்லை மாவட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு தாய்: நான் 1984-ல் மண்டபம் முகாமில் பிறந்தேன். கணவர் 1990-ல் படகில் வந்தவர், முகாம் பதிவு இருக்கிறது. மகன் பிறந்தது 2004 மார்ச், மகள் 2007. நாங்கள் நால்வரும் சட்டவிரோதக் குடியேறிகளா ஐயா?

பதில்: அம்மா, உங்கள் ஒரே வீட்டுக்குள் நம் சட்டம் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். ஆகவே நீங்கள் குடிமகள். அதன்பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். ஆகவே உங்கள் மகன் குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்கு ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவரைச் சட்டம் அப்படித்தான் கணக்கிடுகிறது. உயிருக்குப் பயந்து படகேறி வந்தவரிடம் பாஸ்போர்ட் எங்கே இருக்கும்? அதனால் மகளுக்கு அந்த உரிமை இல்லை. அண்ணன் வாக்களிக்கலாம், தங்கை முடியாது. இதைவிட அவசரமான குடியேற்றச் சீர்திருத்தம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு இதை விட்டால் அது நியாயமில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை.

2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் விலக்கு ஆணையின்படி, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து அகதியாகப் பதிந்த இலங்கைத் தமிழர்கள்மீது ஆவணம் இல்லாததற்காகத் தண்டனை இல்லை. உங்கள் கணவருக்கு அது பொருந்தும். சிறை பயம் போயிற்று, குடியுரிமை வரவில்லை.

நீங்கள் காத்திருக்க வேண்டாம். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். உங்கள் பிறப்புச் சான்றிதழோடு முதலில் நீங்கள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள், பிறகு அதைக் காட்டி மகன். மறுத்தால் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு மாவட்ட இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். மகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றுகள், முகாம் பதிவு நகல் ஆகியவற்றை எனக்கு அனுப்பிவையுங்கள். மதுரையில் இந்த வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களிடம் கேட்டு, அடுத்த இதழில் அவளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.