சறுக்கியவர்களும் சறுக்குமரமும்

கேள்வி: 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் முன்னால் போன நாலு பேரும் சறுக்கி விழ, கடைசியாக வந்த ஆஸ்திரேலியர் சும்மா தங்கம் வாங்கிக்கொண்டு போனாராமே. இதெல்லாம் ஒரு வெற்றியா?
– வாசகர், கல்லடி

பதில்: தம்பி, தங்கம் இருக்கட்டும், அந்தச் 'சறுக்கி விழ'வை முதலில் பார்ப்போம். ஐஸ் தரையில் சறுக்குவதுதான் அவர்களுடைய தொழில். சறுக்காமல் நின்றால்தான் பிழை. கடைசி வளைவில் ஒருவரோடு ஒருவர் முட்டுப்பட்டு விழுந்தார்கள். நாமாகப் போனால் சறுக்கல், நம்மைக் கேட்காமல் கால் போனால் வழுக்கல். இதை நான் இருபது வருடமாகச் சொல்கிறேன், எங்கள் ஊர்ச் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுக் குழுவில் ஒரு பெரியவருக்கு மட்டும் இன்னும் ஏறவில்லை. வருடா வருடம் நோட்டீஸில் 'வழுக்குமரம் ஏறுதல்' என்று எழுதுவார், நான் 'சறுக்குமரம்' என்று வெட்டித் திருத்துவேன், அச்சில் வரும்போது மறுபடியும் வழுக்கியிருக்கும்.

சரி, அந்த மரத்துக்கே வருவோம். முதலில் ஏறுகிறவர்கள் நல்ல திடகாத்திரமான ஆட்கள். பாதி மரம் போவார்கள், சர்ரென்று இறங்குவார்கள், பூசிய கிறீஸில் பாதி அவர்களுடைய சாரத்தோடு கீழே வந்துவிடும். இப்படிப் பத்துப் பேர் மரத்தைத் துடைத்துக் கொடுத்த பிறகு, அதுவரை குந்தியிருந்து கச்சான் தின்ற ஒரு நோஞ்சான் பெடியன் எழும்பிப்போய் உச்சியில் கட்டியிருந்த காசு முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வருவான். "சும்மா கிடைச்சிட்டு மனே உனக்கு" என்று கீழே நின்ற எல்லாரும் சொல்வார்கள். எப்போது ஏற வேண்டும் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் ஆஸ்திரேலியர் ஸ்டீவன் பிராட்பரியும் அப்படித்தான் குந்தியிருந்தார். சோல்ட் லேக் சிட்டியில் ஐஸ் சறுக்கு ஓட்டத்தின் 1000 மீற்றர் இறுதிப் போட்டி. அவருக்கு வயது 28, மற்ற நாலு பேரும் தன்னைவிட வேகம் என்று தெரியும், அன்று இரவே கால் இறுதி, அரை இறுதி எல்லாம் ஓடிக் கால் ஓய்ந்திருந்தது. இடித்துக்கொண்டு ஓடுவதைவிடப் பின்னால் நின்றால், விழுகிறவர்கள் விழுந்த பிறகு ஏதாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டார். அரை இறுதியிலும் முன்னால் போனவர்கள் விழுந்துதான் அவருக்கு வழி விட்டார்கள்.

'சும்மா' என்றீர்களே, அதற்கும் வருகிறேன். 1994இல் ஆஸ்திரேலியா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பதக்கம் எடுத்தது, அஞ்சலோட்டத்தில் வெண்கலம், அந்த அணியில் இவர் இருந்தார். அதே வருடம் மொன்றியலில் இன்னொரு வீரரின் சறுக்குக் கத்தி இவருடைய தொடையை வெட்டிவிட்டது. நாலு லீற்றர் இரத்தம் போயிற்று. உடம்பில் இருப்பதே ஐந்து லீற்றர் சொச்சம்தான். 111 தையல். (இந்தப் போட்டியில் ஒரு சுற்றும் 111 மீற்றர்தான், சாத்திரம் பார்க்கிறவர்கள் யோசிக்கலாம்.) 2000இல் பயிற்சியில் கழுத்தெலும்பு முறிந்தது. இவ்வளவுக்கும் பிறகு திரும்பி வந்து, சொந்தமாகச் சறுக்குச் சப்பாத்துச் செய்து விற்றார். அவருடைய சப்பாத்துகளை இலவசமாக வாங்கியவர்களில் அமெரிக்காவின் அப்போலோ ஓனோவும் ஒருவர், அன்று விழுந்து எழும்பி வெள்ளி எடுத்த அதே ஓனோ. இவருக்குக் கிடைத்ததோ தெற்கு அரைக்கோளத்துக்கே முதல் குளிர்காலத் தங்கம். ஐஸ் என்றால் மீன்காரரின் றெஜிபோம் பெட்டிக்குள் மட்டும் பார்த்த நமக்கு, அதில் கத்தியைக் கட்டிக்கொண்டு ஓடுவது எதுவும் சும்மா இல்லை.

நிற்க. இந்தப் பதிலை வாசித்த என் மனைவி, "கிறீஸ் மரத்தில் ஆராவது விரும்பிச் சறுக்குவாங்களா? உங்கட கணக்குப்படியே அது வழுக்குமரம்தானே?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். பெரியவர் இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை என்று கேள்வி. தயவுசெய்து ஒருவரும் காட்ட வேண்டாம்.